தண்ணி பொது, கரை தனியார்: விஸ்கான்சின் ஆறுகள்ல படகுல போய் வாத்து வேட்டையாடுறது எப்படி

அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல புதுசா வாத்து வேட்டைக்கு வர்றவங்களுக்கு துப்பாக்கியோ படகோ பெரிய கவலை இல்ல, இடம்தான் கவலை. தெரிஞ்ச விவசாயி யாரும் இருக்க மாட்டாங்க, காசு கட்டி நிலம் லீஸ் எடுக்க முடியாது, அரசு சதுப்பு நிலத்துக்குப் போனா சீசன் ஆரம்பிக்கிற அன்னிக்கு இருட்டுலயே பார்க்கிங் நிறைஞ்சிடும். அதே காலையில ஊருக்கு வெளிய பாலத்துக்கு அடியில ஓடுற ஆத்துல ஒரு படகு கூட இருக்காது. ரெண்டு பக்கமும் சோளக் காடு, ஓக் மரம், "நுழையாதீர்" போர்டு, அதைப் பாத்துட்டே எல்லாரும் இது நமக்கில்லன்னு காரை ஓட்டிட்டுப் போயிடுறாங்க. ஒரு கேனோ (சின்ன துடுப்புப் படகு), ரெண்டு பேர், கொஞ்சம் சட்ட அறிவு இருந்தா அந்த ஆறு உங்களுக்குத்தான்.

இந்த மாதிரி ஆத்துல ஒரு விஷயம் புரிஞ்சிடுச்சுன்னா மத்ததெல்லாம் அதுல இருந்து தானா வரும். சுடுறதுக்கு முன்னாடியே வாத்து எங்க விழும்னு நீங்க முடிவு பண்ணியிருக்கணும். தண்ணியில விழுந்தா போய் எடுத்துக்கலாம், கரையில விழுந்தா அது அடுத்தவர் நிலத்துல கிடக்கு. எங்க படகை இறக்குறது, எந்தப் பக்கம் ஒதுங்கிப் போறது, எந்தப் பறவைய விட்டுடறது, எல்லாமே இந்தக் கணக்குதான்.

சட்டம் என்ன சொல்லுது

விஸ்கான்சின்ல ஆத்தோட அடிமண் பெரும்பாலும் கரை நிலத்துக்காரருக்குத்தான் சொந்தம், ஆத்தோட நடுக்கோடு வரைக்கும். ஆனா மேல ஓடுற தண்ணி மாநிலம் மக்களுக்காக வச்சிருக்கிற பொதுச்சொத்து. 1787ல போட்ட வடமேற்கு ஆணையிலயே மிசிசிப்பிக்கும் செயின்ட் லாரன்ஸுக்கும் போற ஆறெல்லாம் எல்லாருக்கும் பொதுவான வழி, என்னைக்கும் இலவசம்னு எழுதிட்டாங்க, 1848ல விஸ்கான்சின் மாநிலமானப்ப அதை அப்படியே அரசியல் சட்டத்துலயும் சேத்துட்டாங்க. 1914ல டயானா ஷூட்டிங் கிளப் கேஸ் வந்துச்சு, ராக் ஆத்துல கிளப்புக்குச் சொந்தமான அடிமண்ணுக்கு மேல ஒருத்தர் படகுல போய் வாத்து சுட்டார், கிளப் அத்துமீறல்னு கோர்ட்டுக்குப் போச்சு. மாநில உச்ச நீதிமன்றம், படகு போற தண்ணியில போக்குவரத்து மாதிரியே மீன்பிடியும் வேட்டையும் பொது உரிமைதான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, இன்னிக்கும் நீங்க கேனோவுல உக்காந்து வாத்துக்காக காத்திருக்க முடியுதுன்னா அதுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது எது படகு போற ஆறுன்னு ஒரு கேள்வி வரும். பொழுதுபோக்குக்கு ஓட்டுற சின்னப் படகு, அதாவது கேனோ மாதிரி ஒண்ணு, வருஷா வருஷம் திரும்பத் திரும்ப வர்ற ஏதோ ஒரு தண்ணிக் காலத்துல மிதந்து போக முடிஞ்சா போதும். வருஷம் முழுக்க தண்ணி நிக்கணும்னு இல்ல. அதனால சின்னச் சின்ன ஓடைகள் கூட இதுல வந்துடும்.

லோக்கல்ல எல்லாரும் இதைச் சுருக்கமா "காலை ஈரமா வச்சுக்கோ"ன்னு சொல்வாங்க. படகுல இருக்கலாம், தண்ணிக்குள்ள இறங்கி நடக்கலாம், அடிமண் அவருடையதா இருந்தாலும் பரவால்ல. காஞ்ச கரையில கால் வச்சா அத்துமீறல். ஆத்துல மரம் விழுந்து அடைச்சிருக்கு, அணை இருக்கு, அதைத் தாண்ட முடியலன்னா மட்டும் கரையோரமா ஏறி சுத்திட்டு மறுபடி தண்ணிக்குள்ள இறங்கிடலாம், அதுக்கு சட்டத்துல இடம் இருக்கு. ஆனா அந்தச் சாக்குல கரையில உக்காந்து வேட்டையாடவோ டீ குடிக்கவோ முடியாது. இங்க நிறைய பேர் தப்பா நினைக்கிறது ஒண்ணு இருக்கு, போர்டு இல்லன்னா உள்ள போகலாம்னு. விஸ்கான்சின்ல போர்டு இருந்தாலும் இல்லாட்டியும் அனுமதி இல்லாம தனியார் நிலத்துல கால் வைக்கக் கூடாது, சுட்ட வாத்தை எடுக்கறதுக்குக் கூட.

தண்ணி குறையற காலத்துல ஆத்து நடுவுல தெரியற மணல் திட்டும் கவனிக்க வேண்டியது, பாக்கறதுக்கு ஆறு மாதிரி இருந்தாலும் காஞ்ச மண் காஞ்ச மண்தான், அது யாருடைய நிலம்னு மேப்ல பாக்காம படகை இழுத்து ஏத்தாதீங்க. அதே மாதிரி அடிமண்ணுல கம்பு நட்டு மறைவிடம் கட்டுறது படகுல போற உரிமையோட சேராது. 1949ல கஸ்தூரி எலி பிடிக்க அடிமண்ணுல பொறி வச்ச கேஸ்ல கோர்ட் இதே வித்தியாசத்தைத்தான் பாத்துச்சு, மேல மிதக்கறது வேற, மண்ணைப் பயன்படுத்தறது வேறன்னு. அதனால மறைவு எல்லாம் படகுலயே இருக்கட்டும்.

முக்கியமா, இதை எல்லாம் அடுத்த மாநிலத்துக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. கொலராடோவுல 1979ல வந்த எம்மர்ட் கேஸ்ல தனியார் அடிமண்ணுக்கு மேல ராஃப்ட்ல மிதந்து அடியைத் தொட்டுட்டே போனவங்க மேலயே அத்துமீறல் செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு. பக்கத்துல இருக்குற இல்லினாய்ல 2022ல மேசன் ஆத்து கேஸ்ல கயாக்ல போறவங்களுக்கே அந்த மாதிரி தனியார் ஆத்துல உரிமை இல்லன்னு சொல்லிட்டாங்க. மாநில எல்லை தாண்டினா பழைய பாடம் எல்லாம் மறந்துட்டு புதுசா படிக்கணும்.

பேப்பர் வேலை

1973 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க ஹண்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சிருக்கணும். முடிக்கலன்னா மென்டர் (கூட இருந்து கத்துக் கொடுக்கற வேட்டைக்காரர்) கூட போகலாம், ஆனா அவர் கை எட்டுற தூரத்துலயே இருக்கணும், ஒரு கேனோவுல முன்னயும் பின்னயும் உக்காந்தா அது சரியா வராது, அதனால கோர்ஸை முடிச்சிடுங்க. அப்புறம் கோ வைல்ட்ங்கிற மாநில லைசன்ஸ் தளத்துல சின்ன விலங்கு லைசன்ஸ், மாநில வாட்டர்ஃபௌல் (நீர்ப்பறவை) ஸ்டாம்ப், ஹெச்ஐபி பதிவு (இடம்பெயர் பறவை வேட்டைக்காரங்க பேரைப் பதியறது), இது மூணும் வாங்கணும். 16 வயசோ அதுக்கு மேலயோ இருந்தா ஃபெடரல் டக் ஸ்டாம்பும் வேணும், 25 டாலர். 1934ல இருந்து இந்த ஸ்டாம்ப் காசுலதான் நாடு முழுக்க ஈரநிலம் வாங்கிப் பாதுகாக்கறாங்க, நான் இந்தக் காசை மட்டும் சந்தோஷமா கட்டுவேன். காகித ஸ்டாம்பா இருந்தா மேல பேனாவால கையெழுத்துப் போட மறக்காதீங்க, போடலன்னா செல்லாது. கூஸ் சுடணும்னா அதுக்குத் தனி பர்மிட்.

நம்ம ஆளுங்க நிறைய பேர் ஹெச்1பி, எஃப்1 மாதிரி விசாவுல இருக்கறதால இதைத் தனியா சொல்றேன். அந்த மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி, தோட்டா எதையும் வச்சிருக்கவே கூடாதுன்னுதான் ஃபெடரல் சட்டம் சொல்லுது. அதுல இருக்குற ஒரு முக்கியமான விதிவிலக்கு, ஏதாவது ஒரு மாநிலத்துல முறையா வாங்கின, காலாவதி ஆகாத ஹண்டிங் லைசன்ஸ் கையில இருக்கணும். அதாவது லைசன்ஸ் முதல்ல, நண்பரோட துப்பாக்கியத் தொட்டுப் பாக்கறது கூட அதுக்கு அப்புறம்தான். லைசன்ஸ் வருஷம் முடியற தேதிய காலண்டர்ல போட்டு வச்சுக்கங்க, ஒரு நாள் இடைவெளி கூட விடாதீங்க, சந்தேகம் இருந்தா வக்கீல் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கிரீன் கார்டு இருக்கறவங்களுக்கு இந்தத் தடை இல்ல.

துப்பாக்கி விஷயத்துல, 1991ல இருந்து நாடு முழுக்க வாத்து வேட்டைக்கு ஈய ரவை தடை. ஸ்டீல், பிஸ்மத் மாதிரி விஷமில்லாத ரவைதான், பாக்கெட்டுல பழைய ஈயத் தோட்டா ஒண்ணு மறந்து கிடந்தாலே அபராதம். துப்பாக்கி மொத்தமா மூணு தோட்டாவுக்கு மேல கொள்ளாத மாதிரி உள்ள பிளக் (அடைப்புக் கட்டை) போட்டிருக்கணும். வாத்துக்கு ஸ்டீல் 2, 3, 4 நம்பர் ரவை, 12 கேஜ் (குழல் அளவு) துப்பாக்கி, மாடிஃபைட் சோக் (ரவை பரவறதை மிதமா இறுக்கற குழல் முனை), இது போதும். நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாடி ஆரம்பிக்கும், அஸ்தமனத்தோட முடியும். சமீப வருஷங்கள்ல ஒரு நாளைக்கு மொத்தம் 6 வாத்து, அதுல மேலார்ட் 4, வுட் டக் 3 தான்னு இருக்கு, ஆனா ஒவ்வொரு வருஷமும் ஜோனுக்கு ஜோன் தேதியும் கணக்கும் மாறும், அந்த வருஷ வேட்டை விதி புக்லெட்டை போன்ல டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க, ஆத்துப் பள்ளத்துல சிக்னல் கிடைக்காது.

மேப்பைப் பாத்து ஆறு தேர்ந்தெடுக்கறது

கோடையிலயே ஆரம்பிச்சிடுங்க. ஆன்எக்ஸ் மாதிரி ஆப்ல ஒவ்வொரு நிலத்தோட எல்லையும் உரிமையாளர் பேரும் வரும், கவுன்ட்டியோட (மாவட்டம் மாதிரி) நில உரிமை காட்டுற பிளாட் மேப்லயும் இருக்கும். ஒரு பாலத்துல இருந்து அடுத்த பாலம் வரைக்கும் உள்ள ஆத்துத் துண்டை எடுத்துக்கங்க, 6ல இருந்து 10 மைலுக்குள்ள நீளம் இருந்தா ஒரு காலைக்கு சரியா இருக்கும். அதுல எங்க எங்க அரசு நிலம் வருதுன்னு குறிச்சுக்கங்க, அங்கெல்லாம் பறவை கரையில விழுந்தாலும் எடுக்கலாம், கரையில ஏறி உக்காரலாம். வீடுகள் எங்க இருக்குன்னும் குறிங்க, அடுத்தவர் வீட்டுல இருந்து 100 யார்டுக்குள்ள அனுமதி இல்லாம சுடக் கூடாது. ரோட்டு நடுவுல இருந்து 50 அடிக்குள்ளயும் ரோட்டைத் தாண்டியும் சுடக் கூடாது, அதனால பாலம் வந்தாலே துப்பாக்கியக் காலி பண்ணிடறது நல்ல பழக்கம். நகர எல்லைக்குள்ள போற ஆத்துத் துண்டுல சுடறதுக்கே தடை இருக்கலாம், அதையும் விசாரிங்க.

முதல் வருஷத்துக்கு நான் சொல்றது லோயர் விஸ்கான்சின் ரிவர்வே. பிரேரி டு சாக் அணையில இருந்து மிசிசிப்பியில போய்ச் சேர்ற வரைக்கும் 92 மைல், நடுவுல ஒரு அணை கிடையாது, அரசு நிலமும் தனியார் நிலமும் மாறி மாறி வரும், அதனால ரெண்டையும் பிரிச்சுப் பாக்கற கண்ணு சீக்கிரம் பழகிடும். கிளை வாய்க்கால், தேங்கின பழைய ஆத்துப் படுகைன்னு வாத்து ஒதுங்கற இடம் நிறைய. ஆனா மேல அணையில தண்ணி திறந்தா மட்டம் ஏறும், இறங்கும், கிளம்பறதுக்கு முன்னாடி யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க புவியியல் ஆய்வு அமைப்பு) தளத்துல மஸ்கோடே ஊர் நீர்மட்ட அளவீட்டைப் பாருங்க. போன வாரம் நல்லாப் போன கிளை வாய்க்கால் இந்த வாரம் மணலா இருக்கும். மணல் திட்டு ஓரத்துல முழங்கால் தண்ணின்னு அடுத்த அடி வச்சா தலைக்கு மேல இருக்கும், வேடர் (தண்ணி புகாத, நெஞ்சு வரைக்கும் வர்ற கால்சட்டை) போட்டுட்டு அங்க நடக்காதீங்க.

செப்டம்பர்ல துப்பாக்கி இல்லாம ஒரு தடவை முழுசா அதே துண்டை ஓட்டிப் பாருங்க. எங்க மரம் விழுந்திருக்கு, எங்க வேலி தண்ணிக்குள்ள வந்திருக்கு, எந்த வளைவுல வாத்து கிளம்புது, எந்த ஓக் மரத்துக்கு அடியில வுட் டக் கொட்டை பொறுக்குது, இந்த ஒரு நாள் சொல்லிக் கொடுக்கறதை எந்த மேப்பும் சொல்லாது.

படகை இறக்க அரசு லேண்டிங் இருந்தா அதுதான் நல்லது. பாலத்துப் பக்கத்துல ரோட்டுக்குச் சொந்தமான இடம் வழியாவும் தண்ணிக்கு இறங்கலாம், ஆனா பார்க்கிங் சரியான இடமா பாருங்க, விவசாயி டிராக்டர் போற வழிய மறிச்சுட்டு நிறுத்தினா அந்த ஊருல உங்க பேரு அன்னிக்கே கெட்டுடும். துடுப்பு மட்டும் போடற கேனோவுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் தேவையில்ல, சின்ன ட்ரோலிங் மோட்டார் மாட்டினாலே தேவை.

கதவைத் தட்டறது

தண்ணி பொதுன்னா எதுக்கு அனுமதி கேக்கணும்னு தோணும். நான் கேக்கச் சொல்றது, விழுந்த பறவைய எடுக்க. ஆகஸ்ட் மாசம், சாயங்காலம், சாதாரண டிரெஸ்ல போங்க, வேட்டைக்குப் போற காலையில போய் நிக்காதீங்க. "ஐயா, நான் ஆத்துல கேனோவுல வாத்து வேட்டைக்கு வருவேன், உங்க நிலத்துல வேட்டையாட மாட்டேன், சுட்ட பறவை உங்க கரையில விழுந்தா மட்டும் துப்பாக்கிய படகுலயே வச்சிட்டு இறங்கி எடுத்துக்கட்டுமா?" இப்படிக் கேட்டா மறுக்கறதுக்கு அவருக்கு ரொம்ப காரணம் இருக்காது, ஏன்னா நீங்க கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். பேரு, போன் நம்பர், கார் நம்பர் எழுதின துண்டுச் சீட்டு ஒண்ணு கொடுத்துட்டு வாங்க. நீ வந்து விழுந்து கால உடைச்சிக்கிட்டா என் மேல கேஸ் போடுவியேன்னு சிலர் பயப்படுவாங்க, விஸ்கான்சின்ல பொழுதுபோக்குக்காக வர்றவங்களுக்கு அடிபட்டா நிலத்துக்காரர் பெரும்பாலும் பொறுப்பாக மாட்டார்னு தனிச் சட்டமே இருக்குன்னு மரியாதையா சொல்லுங்க. முடியாதுன்னு சொன்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க, மேப்ல அந்த நிலத்தைச் சிவப்பாக்கிடுங்க, அந்த வளைவுல சுடாம கடந்து போங்க. சரின்னு சொன்னவங்களுக்கு சீசன் முடிஞ்சதும் ஏதாவது இனிப்போட ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க.

படகும் உயிரும்

1940 நவம்பர் 11 காலையில மேல் மிசிசிப்பி பக்கம் வாத்து வேட்டைக்குப் போனவங்க லேசான டிரெஸ்ல போனாங்க, ஏன்னா காலையில அவ்ளோ இதமா இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள புயல், பனி, அலை. தீவுகள்ல மாட்டினவங்க பலர் குளிர்லயே செத்துப் போனாங்க. இந்தப் பக்கத்து வேட்டைக்காரங்க குடும்பங்கள்ல இன்னும் இந்தக் கதைய சொல்லித்தான் பிள்ளைங்கள வளக்கறாங்க.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு படகுல இருக்கணும்கிறது சட்டம், போட்டுட்டே இருக்கணும்கிறது நான் சொல்றது. அக்டோபர் கடைசித் தண்ணியில விழுந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சு திணறும், அதுல பதறாம மூச்சைக் கட்டுப்படுத்தணும், அடுத்த சுமார் பத்து நிமிஷம்தான் கை கால் சொன்னபடி கேக்கும், நினைவு தப்ப கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகலாம். பத்து நிமிஷத்துக்கு அப்புறம் விரல் மடங்காது, அப்ப ஜாக்கெட் பக்கிளை மாட்டவே முடியாது, அதனாலதான் முன்னாடியே போடச் சொல்றேன். காட்டன் ஜீன்ஸ் வேண்டாம், கம்பளி இல்ல சிந்தெடிக். வேடர் போட்டா மேல இடுப்பு பெல்ட் இறுக்கமா. முழு செட் மாத்துத் துணி, தீப்பெட்டி, போன் எல்லாம் டிரை பேக்ல போட்டு படகுல கட்டிடுங்க. இருட்டுல கிளம்பறப்ப வெள்ளை வெளிச்சம் வர்ற லைட் கையில இருக்கணும். வீட்டுல ஒருத்தர் கிட்ட எந்தப் பாலத்துல இறங்கறோம், எந்தப் பாலத்துல ஏறுவோம், எத்தனை மணிக்குள்ள போன் வரும்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க.

ஆத்துல பயப்பட வேண்டியது பாறைக்கு இல்ல, சாஞ்சு கிடக்குற மரத்துக்கு. தண்ணி கிளைக்கு ஊடால போயிடும், படகும் ஆளும் போக முடியாம அதுல அழுத்திப் பிடிச்சிடும். வளைவோட வெளிப்பக்கத்துலதான் தண்ணி வேகமா அரிச்சு மரத்தைச் சாய்க்கும், நல்லவேளையா வாத்து வேட்டைக்கு நாம போக வேண்டியது உள்பக்கம்.

துப்பாக்கி ஒழுங்கு: மோட்டார் ஓடறப்ப லோட் பண்ணின துப்பாக்கி படகுல இருக்கக் கூடாது. மோட்டாரை ஆஃப் பண்ணி, அதோட வேகத்துல படகு நகர்றதும் நின்னதுக்கு அப்புறம்தான் சுடலாம். துடுப்புப் படகு மிதந்துட்டே இருக்கறப்ப சுடலாம். ரெண்டு பேர் கேனோவுல முன்னாடி இருக்கறவர் மட்டும் சுடணும், பின்னாடி இருக்கறவர் துப்பாக்கி காலியா, உறைக்குள்ள. இதுல பேச்சே கிடையாது. 1917ல விஸ்கான்சின் செனட்டர் பால் ஹஸ்டிங், ரஷ் ஏரியில வாத்து வேட்டைக்குப் போன இடத்துல கூடப் பிறந்தவரோட துப்பாக்கி தவறுதலா வெடிச்சுதான் செத்தார். கூட வர்றவர் எவ்ளோ பழக்கமானவரா இருந்தாலும் ஒரு படகுக்கு ஒரு துப்பாக்கிதான் வெளிய இருக்கணும், மணிக்கு ஒரு தடவை இடம் மாத்திக்கங்க, தண்ணிக்குள்ள இறங்கி நின்னு மாத்துங்க.

மிதந்து போய் சுடறது

கேனோவோட மூக்குல ஒரு கோணிப் படுதாவைக் கட்டி அதுல வில்லோ கிளை, காஞ்ச கோரை எல்லாம் சொருகுங்க, முன்னாடி உக்கார்றவர் முகம் அதுக்குப் பின்னாடி மறையணும். அலுமினியக் கேனோன்னா உள்ள பழைய கார்ப்பெட் விரிச்சிடுங்க, துடுப்பு பட்டா ஆத்துல அரை மைலுக்குக் கேக்கும்.

வாத்து ஓட்டத்துல இருக்காது, ஓட்டம் குறைஞ்ச இடத்துல இருக்கும்: வளைவோட உள்பக்கம், மணல் திட்டோட கீழ் முனை, விழுந்த மரத்துக்குப் பின்னாடி தேங்கின தண்ணி, கிளை வாய்க்கால் வந்து சேர்ற வாய். அதனால வளைவு வர்றதுக்கு நூறு யார்டு முன்னாடியே துடுப்பைத் தூக்காம, பின்னாடி இருக்கறவர் தண்ணிக்குள்ளயே துடுப்பைத் திருப்பித் திருப்பி, உள்கரைய உரசற மாதிரி படகைக் கொண்டு வரணும். முனை திரும்பினதும் வாத்துக்கும் உங்களுக்கும் நடுவுல முப்பது யார்டுதான் இருக்கும், அது தலைய நிமிர்த்தி ஒரு செகண்ட் உங்களையே பாக்கும், கழுத்து கம்பி மாதிரி நிக்கும், அடுத்த செகண்ட் தண்ணிய உதைச்சுட்டு நேரா மேல கிளம்பும், மேலார்ட், டீல் மாதிரி வாத்து எல்லாம் தண்ணி மேல ஓடாது, நின்ன இடத்துல இருந்தே எழும்பும். வலதுகைக்காரர் உக்காந்தபடி இடது பக்கம்தான் சுலபமா திரும்ப முடியும், அதனால பின்னாடி இருக்கறவர் வளைவு முடியறப்ப மூக்கைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வாத்து இடது முன்பக்கம் வர்ற மாதிரி கொடுக்கணும். இந்த ஒண்ணைச் சரியா செய்யறவர்தான் உண்மையான வேட்டைக்காரர், சுடறவர் அதுக்கு அப்புறம்தான். எழுந்து நிக்காதீங்க. பக்கவாட்டுல நேர் வலது இடதுக்குச் சுட்டா பின்னுதைப்புல கேனோ கவிழும், முன்பக்கம் மட்டும் சுடுங்க.

இப்ப அந்தக் கணக்கு. எழும்பின வாத்து வேகமெடுத்துட்டா, அடிபட்ட இடத்துல விழாது, இன்னும் இருபது முப்பது யார்டு போய்த்தான் விழும். ஆத்து நீளத்துக்குப் போற பறவைய சுட்டா தண்ணியில விழும். குறுக்கே கரைய நோக்கிப் போறதைச் சுட்டா அனுமதி கொடுக்காதவர் சோளக் காட்டுல விழும். விழற இடம் உங்களுடையதா இல்லன்னா விரலை எடுத்துடுங்க, எவ்ளோ நல்ல ஷாட்டா இருந்தாலும். அம்பது அறுபது அடி அகலம் உள்ள ஆத்துல பாதிப் பறவைய இப்படி விட வேண்டியிருக்கும், அதனால புதுசா வர்றவங்க அகலமான ஆத்துல ஆரம்பிங்க. தண்ணி மட்டத்துலயே தாழப் பறக்கறதையும் விட்டுடுங்க, ரவை தண்ணியில தவளைக்கல்லு விட்ட மாதிரி தத்திப் போகும், அந்தப் பக்கம் யாராவது மீன் பிடிச்சிட்டு இருப்பாங்க.

டெகாய் போட்டு உக்கார்றது

காத்து அதிகமா இருக்கற நாள்ல, இல்ல வடக்குல இருந்து புதுப் பறவை இறங்கின நாள்ல மிதந்து போறதை விட ஒரு தேங்கின தண்ணியில ஒதுங்கி உக்கார்றது மேல். ஒரு டஜன் டெகாய் (பொம்மை வாத்து) போதும். ஏரிக்குப் போடற சின்ன எடை ஆத்துல நிக்காது, அரை பவுண்டுக்குக் குறையாத எடையும் தண்ணி ஆழத்தை விட நீளமான கயிறும் வேணும், இல்லன்னா அது மிதந்து அடுத்த கவுன்ட்டிக்குப் போயிடும். நடுவுல தாராளமா இடம் விட்டு போடுங்க, வாத்து காத்தை எதிர்த்து அந்த இடத்துல இறங்கும். அந்த இறங்கற இடமும் தண்ணிக்கு நடுவுல இருக்கட்டும், கரையோரமா இருந்தா மறுபடி அதே தொல்லை.

விஸ்கான்சின்ல திறந்த தண்ணியில மறைவே இல்லாம நின்னு வாத்து சுடறதுக்குப் பொதுவா அனுமதி இல்ல, சில நீர்நிலைகளுக்கு மட்டும் விலக்கு. தண்ணியில நிக்கிற கோரை, நாணலுக்குள்ள படகைச் சொருகிக்கணும், இல்ல கரைய ஒட்டி இருக்கணும், எவ்ளோ தூரம்கிறது அந்த வருஷ புக்லெட்ல இருக்கும். மறைவுக்காக கரையில இருக்கற கிளைய வெட்டாதீங்க, அது நிலத்துக்காரர் மரம், வீட்டுல இருந்தே கொண்டு போங்க. சோளம் தூவி வாத்தைக் கூப்பிடறது பெரிய குத்தம், இரை முழுசா அகற்றி பத்து நாள் ஆகற வரைக்கும் அந்த இடத்துல வேட்டையாடக் கூடாது. முதல் நாள் யார் தூவினாலும் மாட்டறது நீங்கதான், அதனால தண்ணிக்கு அடியில மஞ்சளா ஏதாவது தெரிஞ்சா வேற இடம் போயிடுங்க. சாயங்காலம் டெகாய் எல்லாத்தையும் எண்ணி எடுத்துட்டு வந்துடுங்க.

விழுந்த பறவை

சுட்டதும் அடுத்த வாத்தைத் தேடாதீங்க, விழுந்ததைப் பாத்துட்டே இருங்க. தலை நிமிர்ந்து இருந்தா அது இன்னும் சாகல, உடனே இன்னொரு தடவை சுடணும், இல்லன்னா முங்கி கோரைக்குள்ள போயிடும். செத்ததோ அடிபட்டதோ, தேடி எடுக்க நேர்மையா முயற்சி பண்ணணும்கிறது சட்டமே, எடுக்கறதுக்கு மட்டும் மோட்டார் போட்டுப் போகலாம்.

எவ்ளோ பாத்து சுட்டாலும் ஒரு நாள் பறவை அனுமதி இல்லாத கரையில விழத்தான் செய்யும். அப்ப துப்பாக்கியக் காலி பண்ணுங்க, இடத்தை ஆப்ல குறிங்க, நிலத்துக்காரருக்குப் போன் போடுங்க, நம்பர் இல்லன்னா அடுத்த லேண்டிங்ல ஏறி அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்க. பெரும்பாலும் "போய் எடுத்துக்கப்பா"ன்னுதான் சொல்வாங்க. கேக்காம அஞ்சு அடிதானேன்னு ஏறினா, அந்த அஞ்சு அடியாலதான் நிலத்துக்காரங்களுக்கும் வேட்டைக்காரங்களுக்கும் தீராத பகை வருது.

கரையில இருந்து யாராவது இது என் ஆறு, வெளிய போன்னு கத்தினா சட்டப் பாடம் எடுக்காதீங்க. துப்பாக்கியக் கீழ வச்சு, ரெண்டு கையும் தெரியற மாதிரி, "சரிங்க, கீழதான் போயிட்டிருக்கோம், கரையில ஏற மாட்டோம்"னு சொல்லிட்டு மிதந்து போயிடுங்க. வேணும்னே வேட்டையத் தடுக்கறது இங்க குத்தம்தான், ஆனா அதை வார்டன் (வேட்டை விதிகளைப் பாத்துக்கற அரசு அதிகாரி) கிட்ட சொல்லி அவர் வழியா பாத்துக்கறதுதான் முறை, ரெண்டு பக்கமும் துப்பாக்கி இருக்கற இடத்துல வாதம் வேண்டாம்.

வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி

லேண்டிங்லயே படகுல இருக்கற செடி, பாசி எல்லாத்தையும் எடுத்துட்டு தண்ணிய வடிச்சிடணும், வேற நீர்நிலைக்கு அந்நியச் செடி பரவாம இருக்க இது சட்டம். டெகாய் கயிறுல சுத்தியிருக்கறதையும் பாருங்க. வாத்தை அங்கேயே முழுசா உரிச்சிடாதீங்க, என்ன இனம்னு தெரியறதுக்கு ஒரு இறக்கையோ தலையோ இறகோட வீடு போற வரைக்கும் ஒட்டியிருக்கணும். வார்டன் வந்தா லைசன்ஸ், ஸ்டாம்ப், துப்பாக்கி பிளக், பறவை நாலையும்தான் பெரும்பாலும் பாப்பாங்க. பறவைக் காய்ச்சல் இருக்கற காலம், சுத்தம் பண்ணறப்ப கையுறை போடுங்க, சோர்ந்து கிடக்கற பறவையத் தொடாதீங்க, 165 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் வேக வைங்க. நம்ம மிளகு வறுவலுக்கு அக்டோபர்ல சோளம் தின்னு கொழுத்த மேலார்ட் ரொம்ப நல்லா வரும், டீல் அதை விட மென்மை. சமைக்கறதுக்கு முன்னாடி சதையில இறகு உள்ள போயிருக்கற ஓட்டை எல்லாத்தையும் விரலால தடவிப் பாருங்க, அங்கதான் ஸ்டீல் ரவை இருக்கும், குழந்தைங்க கடிச்சா பல்லு உடையும்.